விதைப் பையில் இருக்கும் முகவரி: வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையங்களை விவசாயி பயன்படுத்திக்கொள்வது எப்படி?

விதைக் கடையில் நின்று "ஏடிடி 45 இருக்கா, கோ 51 வந்துருச்சா" என்று கேட்கிறோம். பல வருடமாகக் கேட்டுப் பழகிய பெயர்கள். அந்த எழுத்துகள் எதைக் குறிக்கின்றன என்று யோசித்தவர்கள் குறைவு. ஒவ்வொன்றும் ஓர் ஊரின் முகவரி. அந்த விதை பிறந்த ஆராய்ச்சி நிலையம் இருக்கும் இடம் அது.

ஏடிடி என்றால் ஆடுதுறை. கோ என்றால் கோயம்புத்தூர். ஏஎஸ்டி என்பது அம்பாசமுத்திரம், டிகேஎம் என்பது திரூர்க்குப்பம், டிபிஎஸ் என்பது திருப்பதிசாரம், டிஆர்ஒய் என்பது திருச்சி, பிஎம்கே என்பது பரமக்குடி. நெல்லைத் தாண்டிப் போனால் விபிஎன் உளுந்தும் பாசிப்பயறும் புதுக்கோட்டை மாவட்டத்து வம்பனில் பிறந்தவை. டிஎம்வி திண்டிவனம், விஆர்ஐ விருத்தாசலம், பிஎஸ்ஆர் மஞ்சள் பவானிசாகர், எஸ்விபிஆர் பருத்தி ஸ்ரீவில்லிபுத்தூர். செடி முருங்கை என்று தமிழ்நாடு முழுக்கப் பரவிய பிகேஎம் 1, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பிள்ளை. ஏபிகே என்று போட்ட பால் காளான்கூட அருப்புக்கோட்டையிலிருந்து வந்ததுதான்.

இந்த நிலையங்கள் எல்லாமே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கிளைகள். மக்கள் பணத்தில் நடப்பவை, நமக்காகத் திறந்திருப்பவை. ஆனால் பயிர் கருகிய பிறகு ஓடிப்போகும் இடமாக மட்டும் நம்மில் பலர் இவற்றை வைத்திருக்கிறோம். விதைப்பதற்கு முன்னாலிருந்தே இவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்று படிப்படியாகச் சொல்லப் பார்க்கிறேன்.

முதல் படி: யார் எந்த வேலையைச் செய்கிறார்கள் என்று பிரித்துப் பாருங்கள்

பல பேருக்குக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. மானியத்துக்கு ஆராய்ச்சி நிலையத்தில் போய் நிற்பார்கள். நோய்க்கு மருந்து கேட்டு மானிய அலுவலகத்தில் நிற்பார்கள். இரண்டு இடத்திலும் "இங்கே இல்லை" என்ற பதில் கிடைத்ததும் மனது விட்டுப்போகும். சொட்டுநீர்ப் பாசனம் பற்றிக் கேட்க நானே ஒரு நாள் முழுக்க மூன்று அலுவலகம் சுற்றியிருக்கிறேன். எது எங்கே என்று யாரும் முதலிலேயே சொல்லவில்லை.

வேளாண்மைத் துறையும் தோட்டக்கலைத் துறையும் மாநில அரசின் துறைகள். மானியம், பயிர்க் காப்பீடு, அரசுத் திட்டங்கள், விதை விநியோகம் எல்லாம் அவர்கள் வழியாக வரும். உங்கள் வட்டாரத்து வேளாண் விரிவாக்க மையமும் அங்கே இருக்கும் வேளாண்மை உதவி இயக்குநரும் உதவி வேளாண்மை அலுவலரும் இந்தப் பக்கம். உழவன் செயலியும் அரசின் திட்டங்களுக்கானது.

பல்கலைக்கழகத்தின் வேலை கண்டுபிடிப்பது, சோதிப்பது, சொல்லிக்கொடுப்பது. சென்னை சைதாப்பேட்டையில் 1868-ல் தொடங்கிய விவசாயப் பள்ளி, 1906-ல் கோயம்புத்தூருக்கு இடம் மாறியது. 1971 ஜூன் 1 அன்று அது பல்கலைக்கழகம் ஆனது. ஆராய்ச்சி நிலையங்களில் சில, பல்கலைக்கழகத்தைவிடவே வயதில் மூத்தவை. கோவில்பட்டி நிலையம் 1901-ல் வந்தது, ஆடுதுறை 1922-ல், அம்பாசமுத்திரம் 1937-ல். கோயம்புத்தூரில் ஒரே நிலத்தில் 1909 முதல் நிரந்தர உரச் சோதனை நடந்துவருகிறது. ஒரே மண்ணில் ஒரு பாத்திக்கு வருடா வருடம் தொழுவுரம் மட்டும், இன்னொன்றுக்கு ரசாயன உரம் மட்டும், வேறொன்றுக்கு எதுவுமே இல்லை என்று விட்டுப் பார்த்தால் அந்த மண் என்ன ஆகும் என்பதற்கு நூறு வருடத்துக்கு மேற்பட்ட பதில் அங்கே கிடக்கிறது. இந்த மாதிரி ஒரு பொறுமையைத் தனியார் கம்பெனி எதனிடமும் எதிர்பார்க்க முடியாது.

பல்கலைக்கழகத்துக்கும் விவசாயிக்கும் நடுவில் இருப்பது வேளாண்மை அறிவியல் நிலையம். பேச்சு வழக்கில் கேவிகே. நாட்டிலேயே முதல் கேவிகே 1974-ல் புதுச்சேரியில் தொடங்கியபோது அதை நிர்வகித்தது நம் வேளாண்மைப் பல்கலைக்கழகம்தான். இன்றைக்கு நாடு முழுக்க 700-க்கும் மேல் இருக்கின்றன. பணம் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்திலிருந்து வருகிறது. நடத்துவது யார் என்பது மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். பல மாவட்டங்களில் வேளாண்மைப் பல்கலைக்கழகம், சில இடங்களில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம், ஈரோட்டில் மைராடா, நீலகிரியில் உபாசி, கோவையில் அவினாசிலிங்கம் என்று தொண்டு நிறுவனங்களும் நடத்துகின்றன. யார் நடத்தினாலும் உங்களுக்குக் கிடைக்க வேண்டிய சேவை ஒன்றே. ஒரு தலைவரும், பயிர், தோட்டக்கலை, பூச்சி நோய், கால்நடை, மனையியல் என்று பிரித்து ஆறு தொழில்நுட்ப வல்லுநர்களும் ஒவ்வொரு கேவிகேயிலும் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

சரி, மாடு கன்று சம்பந்தமான விஷயம் என்றால் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் மாவட்ட மையத்துக்குப் போங்கள். மீன் வளர்ப்புக்கு நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகம். இவை இரண்டும் தனித்தனி.

இரண்டாம் படி: உங்கள் நிலத்தைப் போன்ற நிலத்தில் இருக்கும் நிலையத்தைத் தேடுங்கள்

பக்கத்தில் இருக்கும் நிலையம் எது என்று கேட்பது இயல்பு. அதைவிட நல்ல கேள்வி, என் மண்ணும் என் மழையும் என் தண்ணீரும் எந்த நிலையத்தின் நிலத்தோடு ஒத்துப்போகின்றன என்பது.

தமிழ்நாட்டை ஏழு வேளாண் காலநிலை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள்: வடகிழக்கு, வடமேற்கு, மேற்கு, காவிரி டெல்டா, தெற்கு, அதிக மழை பெறும் மண்டலம், மலைப்பகுதி. நிலையங்கள் இப்படிப் பரந்து கிடப்பதற்குக் காரணமே இதுதான். கரிசல் மானாவாரிக்குக் கோவில்பட்டி. டெல்டாவின் நெல்லுக்கு ஆடுதுறை. பயறு வகைகளுக்கு வம்பன். மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூர். தென்னைக்கு ஆழியார்நகரும் வேப்பங்குளமும். சிறுதானியத்துக்குத் திருவண்ணாமலை அருகே அத்தியந்தல். கரும்புக்குக் கடலூரும் சிறுகமணியும். மலைக் காய்கறிக்கு ஊட்டியும் கொடைக்கானலும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். உங்கள் நிலம் களர் நிலம் (சோடியம் மிகுந்து காரத்தன்மை ஏறிய மண்), நெல் போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். டெல்டாவில் நன்றாக விளைகிறது என்று கேள்விப்பட்ட ரகத்தை வாங்கிப் போட்டால், நாற்று நட்ட பத்தாம் நாளே திட்டுத் திட்டாகக் கருகும். திருச்சி வேளாண் கல்லூரியின் நிலமே களர் நிலம். அந்த மண்ணில் நட்டு, தாங்கியதைத் தேர்ந்தெடுத்து வந்தவைதான் டிஆர்ஒய் ரகங்கள். மானாவாரியில் மழையை நம்பி நேரடி விதைப்பு செய்யும் ராமநாதபுரத்துக்காரருக்கு, அதே சூழலில் பரமக்குடியில் உருவான அண்ணா 4 பொருந்துகிறது. பெயரில் இருக்கும் ஊர், அந்த ரகம் எந்தக் கஷ்டத்தில் வளர்ந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். ஒரு நிலையத்தில் பிறந்தது அந்த வட்டாரத்தோடு நின்றுவிடுவதில்லை. ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு சாப்பிட்ட ஐஆர் 20, பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது. அதன் பெற்றோரில் ஒன்று நம் திரூர்க்குப்பத்து டிகேஎம் 6. பூச்சி எதிர்ப்புக் குணத்துக்காக அதை அங்கே எடுத்துப் பயன்படுத்தினார்கள்.

ஆகவே ஒரு தாளில் நான்கு விஷயம் எழுதிக்கொள்ளுங்கள்: மண்ணின் வகை, தண்ணீர் எங்கிருந்து எத்தனை மாதம் வருகிறது, முக்கியப் பயிர், உங்களை வருத்தும் ஒரே பெரிய பிரச்சினை. அதோடு மாவட்ட கேவிகேக்குப் போய், இதற்கு எந்த நிலையத்தை அணுகலாம் என்று கேளுங்கள். பயிர்வாரியாகச் சரியான ஆளை அவர்கள் காட்டுவார்கள்.

மூன்றாம் படி: மண்ணையும் தண்ணீரையும் முதலில் கொண்டுபோங்கள்

எந்த நிலையத்தில் எந்த விஞ்ஞானியிடம் பேசினாலும் முதல் கேள்வி "மண் பரிசோதனை செஞ்சீங்களா?" என்பதாகத்தான் இருக்கும். ஆய்வுக்கூடம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், நீங்கள் கொடுக்கும் அரைக் கிலோ மண் உங்கள் வயலைக் காட்டாவிட்டால் முடிவு பயன்படாது. எடுக்கும் விதத்தில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன.

அறுவடை முடிந்து, அடுத்த பயிருக்கு உரம் போடுவதற்கு முன்னால் எடுங்கள். அண்மையில் உரம் போட்ட இடம், எருக்குழி, வரப்பு ஓரம், மர நிழல், கிணற்றடி, தண்ணீர் தேங்கும் பள்ளம் எதிலும் எடுக்க வேண்டாம். நிலம் ஒரே மாதிரி இல்லாவிட்டால், மேட்டுக்கு ஒன்று பள்ளத்துக்கு ஒன்று என்று தனித்தனி மாதிரி வேண்டும். இரண்டையும் கலந்தால் இரண்டுக்கும் பொருந்தாத ஒரு சராசரி வரும்.

வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பத்துப் பதினைந்து இடம் தேர்ந்தெடுங்கள். மேலே கிடக்கும் இலை தழையை ஒதுக்கி, ஆங்கில 'வி' எழுத்து வடிவத்தில் குழி வெட்டி, அந்தக் குழியின் ஓரத்திலிருந்து மேலிருந்து கீழ்வரை ஓர் அங்குலக் கனத்துக்கு மண்ணைச் சீவி எடுங்கள். ஆழம் பயிரைப் பொறுத்தது. நெல், கேழ்வரகு, நிலக்கடலை போன்றவற்றுக்கு 15 சென்டிமீட்டர். பருத்தி, கரும்பு, வாழை, மரவள்ளிக்கு 22.5 சென்டிமீட்டர். மா, தென்னை மாதிரி மரங்களுக்கு 30, 60, 90 சென்டிமீட்டர் என்று மூன்று ஆழத்தில் தனித்தனியாக. துத்தநாகம், இரும்பு மாதிரி நுண்சத்து பார்க்க வேண்டும் என்றால் இரும்புக் கருவியைத் தவிர்த்து மரக்குச்சியோ பிளாஸ்டிக் கரண்டியோ பயன்படுத்துங்கள்.

எல்லாவற்றையும் சுத்தமான தாளிலோ பிளாஸ்டிக் வாளியிலோ கொட்டிக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பாகம் இரண்டைத் தள்ளிவிடுங்கள். அரைக் கிலோ மிஞ்சும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். ஈரமாக இருந்தால் நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் வேண்டாம். பழைய உரச் சாக்கில் மட்டும் கட்டிவிடாதீர்கள். அதில் ஒட்டியிருக்கும் யூரியா முழுப் பரிசோதனையையும் கெடுத்துவிடும். துணிப்பையில் போட்டு, பெயர், சர்வே எண், போன பயிர், போடப்போகும் பயிர், பாசன வசதி எல்லாம் எழுதி உள்ளே ஒன்று, வெளியே ஒன்று வையுங்கள்.

தண்ணீருக்கு மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, நிறையப் பிடித்து மூடிக் கொடுத்தால் போதும். மண்ணைப் பார்த்துவிட்டுத் தண்ணீரை விட்டுவிடாதீர்கள். நல்ல மண்ணை உப்புத் தண்ணீர் சில வருடத்தில் கெடுத்துவிடும்.

முடிவு வந்ததும் அட்டையைப் பெட்டியில் வைத்துப் பூட்டாமல், கொடுத்தவரிடமே உட்கார்ந்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். முக்கியமாக இரண்டு எண். கார அமில நிலை 6.5-லிருந்து 7.5-க்குள் இருந்தால் கவலை இல்லை. 8.5-ஐத் தாண்டினால் களர்த்தன்மை இருக்கிறதா என்று அடுத்த சோதனை கேட்க வேண்டும். அடுத்தது உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன். நம் பேச்சில் களர், உவர் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். சீர்திருத்தம் செய்யும்போது அவை வேறு வேறு. உவர் நிலத்தில் நல்ல தண்ணீரைக் கட்டி வடித்து உப்பைக் கழுவி வெளியேற்ற வேண்டும். களர் நிலத்துக்கு ஜிப்சம் வேண்டும், பிறகு தண்ணீர் கட்டி வடித்து, தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரப் பயிரை விதைத்து மடக்கி உழ வேண்டும். எவ்வளவு ஜிப்சம் என்பதைப் பரிசோதனை மட்டுமே சொல்லும். பக்கத்து வயல்காரர் போட்டார் என்று ஜிப்சம் வாங்கிக் கொட்டிய காசு பல ஊரில் மண்ணோடு போயிருக்கிறது.

நான்காம் படி: ரகமும் விதையும்

புதிய ரகங்கள் பெரும்பாலும் பொங்கலை ஒட்டி வெளியாகும். வெளியான அன்றே கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். விதை பெருகி வருவதற்குப் படிகள் உண்டு. ரகத்தை உருவாக்கியவர் கையில் இருப்பது கரு விதை. அதிலிருந்து வல்லுநர் விதை, மஞ்சள் அட்டை. அதிலிருந்து ஆதார விதை, வெள்ளை அட்டை. அதிலிருந்து சான்று விதை, நீல அட்டை. சாகுபடிக்கு நீல அட்டை போதும். அட்டையில் செல்லுபடித் தேதியைப் பாருங்கள், அறுவடை முடியும்வரை அட்டையையும் ரசீதையும் பத்திரமாக வையுங்கள். விதைப்பண்ணை அமைத்து விற்க நினைப்பவர்தான் ஆராய்ச்சி நிலையத்தில் வல்லுநர் விதைக்கோ ஆதார விதைக்கோ முன்பே சொல்லி வைக்க வேண்டும். பருவத்துக்கு ஒரு வாரம் முன்னால் போய்க் கேட்டால் கிடைக்காது.

விஞ்ஞானியிடம் ரகம் கேட்கும்போது "எது நல்லா விளையும்?" என்று மட்டும் கேட்காதீர்கள். வயது எத்தனை நாள், சாயுமா, எந்த நோயைத் தாங்கும், எதைத் தாங்காது, எந்தப் பட்டத்துக்குப் போடக் கூடாது என்று கேளுங்கள். கடைசி இரண்டு கேள்விக்கு வரும் பதில்தான் உங்களைக் காப்பாற்றும். அரிசி சன்னமா பருமனா என்பதையும் கேட்டு, உங்கள் ஊர் வியாபாரி அதை வாங்குவாரா என்று விசாரியுங்கள். ஏஎஸ்டி 16 பருமனான அரிசி. ஓர் ஊரில் அதற்கென்றே ஆள் தேடி வருவார்கள், வேறு ஊரில் விலை குறைத்துக் கேட்பார்கள்.

எவ்வளவு நல்ல ரகமானாலும் முதல் வருடம் பத்து சென்ட்டில் போட்டுப் பாருங்கள். பக்கத்திலேயே உங்கள் வழக்கமான ரகமும் அதே நாளில், அதே உரத்தில் இருக்கட்டும்.

ஐந்தாம் படி: பயிருக்கு நோய் வந்தால்

ஒருமுறை மஞ்சளாகிப்போன உளுந்துச் செடிகளைப் பிடுங்கிப் பாலிதீன் பையில் போட்டுக் கட்டி, வண்டியில் தொங்கவிட்டுக்கொண்டு போனேன். மதிய வெயிலில் போய்ச் சேர்ந்து பையைத் திறந்தால் எல்லாம் அவிந்து அழுகியிருந்தது. அதில் எது நோய், எது பயண அழுகல் என்று யாராலும் பிரிக்க முடியவில்லை. திரும்ப வீட்டுக்கு வந்து மறுநாள் வேறு செடிகளைக் கொண்டுபோனேன். ஒரு நாள் வீணானது. உளுந்தில் மஞ்சள் தேமலை வெள்ளை ஈ பரப்புகிறது. அப்படி வரும் நேரத்தில் ஒரு நாள் என்பது சின்ன விஷயம் இல்லை.

செடியை வேரோடு, மண் உதிராமல் தோண்டி எடுங்கள். மூன்று செடி வேண்டும்: நன்றாக இருப்பது, இப்போதுதான் அறிகுறி தொடங்கியது, நடுத்தரமாகப் பாதித்தது. முழுக்கச் செத்த செடியில் பார்க்க எதுவும் மிச்சம் இருக்காது. செய்தித்தாளில் சுற்றி, காலையிலேயே கிளம்புங்கள். பூச்சி என்றால் சின்ன டப்பாவில் அது தின்ற இலையோடு சேர்த்துப் போடுங்கள். போக முடியாவிட்டால் செல்போனில் மூன்று படம்: வயல் முழுதும் தெரிகிற மாதிரி ஒன்று, ஒரு செடி முழுசாக ஒன்று, பாதித்த இடம் மிகக் கிட்டத்தில் ஒன்று. இலையின் அடிப்பக்கத்தையும் எடுங்கள்.

சொல்ல வேண்டிய விவரங்கள்: ரகம், விதைத்த தேதி, கடைசியாகப் போட்ட உரம், அடித்த மருந்துகள் எல்லாம், எப்போது தண்ணீர் கட்டியது. அடித்த மருந்தை மறைக்காதீர்கள். தவறான மருந்தோ அளவு கூடிய மருந்தோ இலையைக் கருக்கியிருந்தால் அதுவும் நோய் மாதிரியே தெரியும். வயலில் எங்கே தொடங்கியது என்பதும் முக்கியம். அடி இலை முதலில் பழுத்தால் தழைச்சத்துப் பற்றாக்குறையாக இருக்கலாம். குருத்து இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்தாக இருக்கலாம். இதற்குப் பூச்சி மருந்து அடித்தால் காசும் போகும், நன்மை செய்யும் பூச்சியும் போகும்.

பரிந்துரை வாங்கும்போது மருந்தின் வேதிப்பெயர், லிட்டருக்கு எவ்வளவு, ஏக்கருக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், அடித்த பிறகு எத்தனை நாள் கழித்து அறுவடை செய்யலாம் என்ற நான்கையும் எழுதி வாங்குங்கள். இன்னொரு கேள்வியும் கட்டாயம் கேளுங்கள்: "அடிக்காம விட்டா என்ன ஆகும்?" பொருளாதாரச் சேத நிலை என்று ஒன்று இருக்கிறது. நெல்லில் குருத்துப்பூச்சியால் காய்ந்த குருத்து 10 சதவீதத்தையோ, வெண்கதிர் (மணி பிடிக்காமல் வெளுத்த கதிர்) 2 சதவீதத்தையோ தொடும்போதுதான் மருந்துச் செலவு நியாயமாகிறது. அதற்குக் கீழே இருந்தால் வயலிலுள்ள சிலந்தியும் தட்டானும் குளவியும் பார்த்துக்கொள்ளும்.

இந்தக் குளவிகளைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். நிலையங்கள் ஒன்றோடொன்று பின்னியிருப்பதால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். 2008-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளியில் ஒரு புது மாவுப்பூச்சி தென்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று பரவி, எந்த மருந்துக்கும் முழுசாக அடங்காமல் விவசாயிகளை உலுக்கியது. அதன் சொந்த நாட்டில் அதைக் கட்டுப்படுத்தும் நுண்ணிய ஒட்டுண்ணிக் குளவிகளை, பெங்களூருவில் உள்ள தேசிய ஆய்வகம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து 2010-ல் வரவழைத்தது. வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கி, ஆராய்ச்சி நிலையங்களுக்கும் கேவிகேக்களுக்கும் அனுப்பியது. அங்கிருந்து குப்பிகளில் தோட்டத்துக்குத் தோட்டம் போயின. சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. பத்து வருடம் கழித்து மரவள்ளியில் இன்னொரு மாவுப்பூச்சி வந்தபோது இதே பாதை மறுபடி உதவியது. மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வந்த குளவி 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் நிலையத்தில் முதலில் விடப்பட்டது.

தென்னையில் 2016-ல் பொள்ளாச்சியில் தொடங்கிய சுருள் வெள்ளை ஈக்கும் இப்படியே. பயத்தில் பூச்சி மருந்து அடித்தவர்களின் தோப்பில் என்கார்சியா என்ற ஒட்டுண்ணியும் சேர்ந்து செத்தது. மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டி, ஓலையின் அடியில் தண்ணீரைப் பீய்ச்சி, ஒட்டுண்ணி இருக்கும் ஓலைத் துண்டுகளை நிலையத்தில் வாங்கித் தோப்பில் கட்டி வைப்பதே அங்கே சொல்லப்பட்ட வழி. உங்கள் பயிரில் இதுவரை பார்க்காத பூச்சி எதுவும் தென்பட்டால், மருந்துக் கடைக்கு முன்னால் நிலையத்துக்குச் செய்தி சொல்லுங்கள். புதுப் பூச்சியைச் சீக்கிரம் கண்டறிந்தால் பக்கத்து மாவட்டமும் தப்பிக்கும்.

அவசரத்துக்கு யாரும் கிடைக்கவில்லை என்றால் கிசான் அழைப்பு மையம் 1800-180-1551. காலை 6 மணியிலிருந்து இரவு 10 மணி வரை தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

ஆறாம் படி: பருவத்தின் நடுவில் கிடைக்கும் உதவிகள்

செவ்வாயும் வெள்ளியும் மாவட்டவாரியாக வேளாண் வானிலை அறிக்கை வரும். அடுத்த ஐந்து நாள் மழை, காற்று, வெப்பம், அதற்கேற்ப என்ன செய்யலாம் என்று சொல்லும். மேகதூத் செயலியிலும் பார்க்கலாம். உரம் போடும் நாளையும் மருந்தடிக்கும் நாளையும் இதை வைத்து முடிவு செய்தால், மழையில் கரைந்துபோகும் மூட்டைகள் மிச்சமாகும்.

மஞ்சள், வெங்காயம், நிலக்கடலை போன்றவற்றுக்குப் பல்கலைக்கழகத்தின் விலை முன்னறிவிப்பு வெளிவரும். அதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், விதைக்கலாமா, இருப்பு வைக்கலாமா என்று யோசிக்க ஒரு துணை, அவ்வளவுதான்.

நிலையங்களிலும் கேவிகேக்களிலும் இடுபொருளும் விற்கிறார்கள். பயறுக்குப் பூக்கும் தருணத்தில் 'பயறு ஒண்டர்' என்ற ஊட்டச்சத்துக் கலவையை ஏக்கருக்கு 2 கிலோ, 200 லிட்டர் தண்ணீரில் கலந்து தெளிப்பது பூ உதிர்வைக் குறைக்கிறது. தென்னை டானிக் வேர் மூலம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுப்பது. உயிர் உரங்கள், நோயைக் கட்டுப்படுத்தும் நுண்ணுயிர்களான டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் வாங்கும்போது தயாரித்த தேதி பாருங்கள். உயிருள்ள பொருள் என்பதால் வெயிலில் வைக்காதீர்கள், ரசாயன உரத்தோடு கலக்காதீர்கள்.

பயிற்சிகளைப் பொறுத்தவரை காளான், தேனீ, மதிப்புக் கூட்டல், நாற்றங்கால் என்று எது வேண்டுமானாலும் கேவிகேயில் பெயர் பதிந்து வைத்தால் தகவல் சொல்வார்கள். பெண்கள் தனியாகவோ குழுவாகவோ பதியலாம். ஒரு நாள் பயிற்சியோடு தொழில் தொடங்கிவிடாமல், ஏற்கெனவே அதைச் செய்துவரும் ஒருவரின் முகவரியை அங்கேயே கேட்டு வாங்கிப் போய்ப் பாருங்கள்.

ஏழாம் படி: உங்கள் வயலையும் நிலையத்தின் ஒரு பகுதியாக்குங்கள்

இதுவரை சொன்னதெல்லாம் வாங்கிக்கொள்வது. கொடுக்கவும் வழி இருக்கிறது, அதில் லாபமும் இருக்கிறது.

ஒரு ரகம் வெளியாவதற்குப் பத்து வருடத்துக்குப் பக்கம் ஆகும். ஒட்டுக்கட்டி, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து, முதலில் நிலையத்துக்குள் பார்ப்பார்கள். அப்புறம் பல நிலையங்களில் ஒரே நேரத்தில். அதில் தேறியது வேளாண்மைத் துறையோடு சேர்ந்து விவசாயிகளின் வயலில் சோதனைக்கு வரும். அந்தச் சோதனைத் திடல்கள் எங்கேயோ யாருடைய வயலிலோதான் இருக்கின்றன. உங்கள் வயலிலும் இருக்கலாம். அதே மாதிரி கேவிகே இரண்டு வகைத் திடல் போடும். ஒன்று வயல்வெளி ஆய்வு. உங்கள் வழக்கமான முறையையும் பரிந்துரைக்கும் முறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது இந்த மண்ணுக்குப் பொருந்துகிறது என்று பார்ப்பது. இன்னொன்று முதல்நிலைச் செயல்விளக்கத் திடல். ஏற்கெனவே தேறிய தொழில்நுட்பத்தை ஊர் பார்க்கச் செய்து காட்டுவது. இரண்டிலும் முக்கிய இடுபொருள் அவர்கள் தருவார்கள், நிலமும் உழைப்பும் உங்களுடையது.

திடல் வேண்டுமென்றால் பருவத்துக்கு நான்கைந்து மாதம் முன்பே கேவிகேயில் எழுதிக் கொடுங்கள். சாலையோர வயல், பாசனம் உறுதியான வயல், கணக்கு எழுதும் விவசாயி ஆகிய மூன்றையும் அவர்கள் விரும்புவார்கள். ஒத்துக்கொண்ட பிறகு திடலுக்குள் உங்கள் யோசனையில் கூடுதல் யூரியா போடாதீர்கள். அப்படிப் போட்டால் வரும் மகசூல் யாருக்கும் எதையும் சொல்லாது. செலவு, ஆள் கூலி, தெளித்த நாள், அறுவடை எடை எல்லாம் தேதியோடு எழுதுங்கள். சரியாக வராவிட்டாலும் அதை அப்படியே சொல்லுங்கள். தோற்ற திடலின் விவரம் இல்லாமல் அடுத்த பரிந்துரையைத் திருத்த முடியாது.

வேளாண் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர்கள் கிராமப்புற வேளாண் பணி அனுபவத்துக்காக ஊரில் வந்து தங்குவார்கள். அவர்களைச் சின்னப் பிள்ளைகள் என்று ஒதுக்காதீர்கள். மண் மாதிரி எடுக்க, விதை நேர்த்தி செய்ய, வயலில் பூச்சி எண்ணிக்கை பார்க்கத் துணைக்குக் கூப்பிடுங்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு கல்லூரி முழுக்க ஆசிரியர்கள் இருக்கிறார்கள். உங்கள் கேள்வி அவர்கள் வழியாக நேராக அங்கே போகும். உங்களுக்குத் தெரிந்ததை அவர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள். நாற்று எந்தப் பதத்தில் பிடுங்க வேண்டும் என்பது புத்தகத்தில் பாதிதான் இருக்கும்.

கடைசியாக, அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்று. ஒவ்வொரு கேவிகேக்கும் அறிவியல் ஆலோசனைக் குழு என்று ஒன்று உண்டு. அடுத்த வருடம் எந்தத் திடல் போடுவது, எந்தப் பயிற்சி நடத்துவது என்று அது கூடிப் பேசும். அதில் விவசாயிகளும் உறுப்பினர்கள். உங்கள் மாவட்டத்தில் அந்த உறுப்பினர் யார் என்று கேவிகேயில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கூட்டத்துக்கு முன் அவரைப் பார்த்து, உங்கள் ஊரின் ஒரே ஒரு பிரச்சினையை எத்தனை ஏக்கர், எத்தனை குடும்பம், எந்த மாதத்தில் வருகிறது என்ற விவரத்தோடு ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். "தண்ணீர் இல்லை, விலை இல்லை" என்று பொதுவாகச் சொன்னால் அது குறிப்பேட்டில் ஒரு வரியாக நின்றுவிடும். "ஆடிப்பட்ட நிலக்கடலையில் நாற்பதாம் நாள் நுனி இலை வெளுக்கிறது, மூன்று வருடமாக, எங்கள் ஊரில் அறுபது ஏக்கர்" என்று எழுதினால் அடுத்த பட்டத்திலேயே ஒரு திடல் போட்டுப் பார்க்கலாமே என்று கேட்க அவருக்கு வழி கிடைக்கும்.